அடாப்டிவ் ரீயூஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டடக்கலை மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் சிற்றாலயத்தைப் பற்றியது. ஜான் லஃபரோ பியர்சன் வடிவமைத்து 1891இல் தொடங்கிய வேலை. 1897இல் அவர் இறந்தபின் மகன் ஃபிராங்க் தொடர்ந்தார். மருத்துவமனை 2005இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. சிற்றாலயம் தப்பியது. இன்று அது ஃபிட்ஸ்ரோவியா சேப்பல். கண்காட்சி, கச்சேரி, திருமணம் எல்லாம் நடக்கின்றன. பழைய கட்டடத்தை இடிக்காமல் வேறு பயனுக்குக் கொண்டுவரும் இந்த 'அடாப்டிவ் ரீயூஸ்'க்கு 'மறுபயன்பாடு' என்று போட்டேன். மனம் ஒப்பவில்லை.

———

> மனம் ஒப்பவில்லை

ஒப்பாததுதான் சரி அம்மா. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூள் போட்டு வைப்பதும் மறுபயன்பாடுதான். 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்கிறது நன்னூல். இங்கே பழையது கழியவில்லை, புதியது புகுந்திருக்கிறது. ஆகவே 'புகுபயன்'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்: புகுந்த பயன், புகுகின்ற பயன், புகும் பயன். நாளைக்கே அது நூலகமானாலும் இந்தச் சொல் தாங்கும்.

———

ஐயா, இலக்கணம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வகுப்பில் நிற்கிறவன். 'புகுபயன்' என்று பலகையில் எழுதினால் விளக்கவே பத்து நிமிடம் போய்விடும். 'பயன்மாற்றம்' என்றால் கேட்டவுடன் புரியும்.

———

> பயன்மாற்றம்

வயலை வீட்டுமனை ஆக்குவதும் பயன்மாற்றம்தானே தம்பி? கட்டடத்தைக் காப்பாற்றினார்கள் என்பது அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

———

ஆகுபெயர் மாதிரி 'ஆகுபயன்' என்று வைத்தால் என்ன? வழிபாட்டால் வந்த 'சேப்பல்' என்ற பெயர், கச்சேரி நடக்கும்போதும் கட்டடத்துக்கு ஆகி நிற்கிறதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அங்கே போயிருக்கிறேன். வெளியே வெறும் செங்கல் சுவர். உள்ளே நுழைந்தால் தலைக்குமேல் பொன் மொசைக், சுவரெங்கும் பல நிறப் பளிங்கு. பச்சைப் பளிங்கில் ஒரு திருமுழுக்குத் தொட்டி. அதில் 'முகத்தை மட்டுமல்ல, பாவத்தையும் கழுவு' என்ற பொருளில் கிரேக்க வரி. பின்னாலிருந்து படித்தாலும் அதே எழுத்துகள்! ஞானசம்பந்தர் காழிக்குப் பாடிய மாலைமாற்றை அங்கே நின்று நினைத்துக்கொண்டேன்.

———

அது ஆகுபெயர் ஆகாது. ஊர் சிரித்தது என்றால் ஊரின் பெயர் மக்களுக்கு ஆகிறது. இங்கே பெயர் பழைய பொருளைவிட்டு நகரவே இல்லை. அப்புறம், 'ஆலயம்' வடசொல்; 'சிறுகோயில்' என்று எழுதலாமே?

———

சிற்றாலயம் என்பது சபைகளில் நெடுநாளாகப் புழங்கும் சொல். அதில் கைவைக்க வேண்டாம்.

———

எல்லோருக்கும் நன்றி. மூன்று பேர் தனிமடலிலும் 'பயன்மாற்றம்' என்கிறார்கள். நாளை வெள்ளி, அதையே போடுகிறேன். 'காப்புடன் பயன்மாற்றம்' என்று முதல் இடத்தில் மட்டும் விரித்துவிடுகிறேன்.

———

சரி அம்மா, அனுப்பிவிடுங்கள். எனக்கு இன்னும் புகுபயன்தான். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன். தொட்டியின் படத்துக்கு அடியில் மட்டும் 'மாலைமாற்று' என்றே போடுங்கள். அதை விளக்கப் பத்து நிமிடம் போனாலும் போகட்டும்.