‘ஈக்குவிட்டபிள் அட்ஜஸ்ட்மென்ட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

மட்டக்களப்பிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் ஒப்பந்தச் சொற்பட்டியலில் இன்னும் இழுபட்டுக்கொண்டிருப்பது ‘ரிக்குவெஸ்ட் ஃபோர் ஈக்குவிட்டபிள் அட்ஜஸ்ட்மென்ட்’. அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில் புழங்கும் சொல். வேலை நடக்கும்போது அரசு வேலையை மாற்றினாலோ, தோண்டிய இடத்தில் ஆவணம் சொல்லாத பாறை வந்தாலோ, விலையையும் முடிக்கும் திகதியையும் திருத்தித் தரும்படி கொந்தராத்துக்காரர் எழுதிக் கேட்பது. இழப்பீட்டு விண்ணப்பம், ஈடுகட்டல், ஒப்புரவுத் திருத்தம் என்று மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன.

இழப்பீடு வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் யாரோ பிழை விட்டார்கள் என்று ஆகிவிடும். மாற்றக் கட்டளை போட அரசுக்கு ஒப்பந்தத்திலேயே உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பாவித்ததால் கூடிய செலவைத்தான் கேட்கிறோம், குற்றம் சாட்டவில்லை. கடிதத்தின் தலைப்பே குற்றச்சாட்டாக இருந்தால் வாங்குகிற உத்தியோகத்தர் முதல் வரியிலேயே இறுகிப்போவார்.

ஈடுகட்டல் காசுக்குச் சரி, காலத்துக்குச் சரிவராது. “மழையில் போன நாளை ஈடுகட்டு” என்று சைட்டில் சொன்னால், இரவில் லைற் போட்டு வேலை செய் என்று அர்த்தம். நாங்கள் கேட்பது அதற்கு நேர் எதிர்.

ஒப்புரவு எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் குறளில் அது கைம்மாறு கருதாமல் செய்யும் உதவி. புளியந்தீவில் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கரைக் கேட்டால் பாவசங்கீர்த்தனம் என்பார். இரண்டும் இங்கே ஒட்டாது.

நான் சொல்வது ‘நியாயச் சீராக்கம்’. கணக்கியல் படித்த எங்கள் பிள்ளைகளுக்குச் சீராக்கம் பழகிய சொல். கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. அரசு வேலையைக் குறைத்தால் விலையும் குறையத்தானே வேண்டும்? ‘நியாயம்’ ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. உன்னிச்சைப் பக்கம் வாய்க்கால் வீதிக்குக் கிரவல் போடும் வேலை ஒன்றை அமெரிக்க விதிப்படி செய்வதாக வையுங்கள். ரெண்டர் விலை 20 இலட்சம். வேலை கிடைக்க வேண்டும் என்று குறைத்துக் கேட்டதால் உண்மைச் செலவு 22 இலட்சம். இடையில் கிரவல் எடுக்கும் இடத்தை மாற்றச் சொல்கிறார்கள். தூரம் கூடி, செலவு 27 ஆகிறது. அவர் கேட்கக்கூடியது 27க்கும் 22க்கும் இடையிலுள்ள 5 இலட்சமும் அதற்குரிய நியாயமான இலாபமும் மட்டுமே. முதலே விட்ட 2 இலட்சம் அவர் தலையில்தான். மாற்றத்தால் அவர் நட்டப்படவும் கூடாது, பழைய நட்டத்தை அதற்குள் ஒளித்து மீட்கவும் கூடாது. இரண்டு பக்கமும் பார்க்கிற சொல் நியாயம்.

அப்புறம், ‘ரிக்குவெஸ்ட்’ என்பதை ‘கோரல்’ ஆக்க வேண்டாம். கோரல் என்றால் ‘கிளெய்ம்’ ஆகிவிடும், அது வேறு சரக்கு. அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு ஒப்பந்தப் பிணக்குகள் சட்டத்தின்படி, ஒப்பந்த அலுவலரின் கையில் கிளெய்ம் கிடைத்த நாளிலிருந்து வட்டி ஏறும். தொகை 1 இலட்சம் டொலரைத் தாண்டினால் கொந்தராத்துக்காரர் உறுதிச் சான்று இணைக்க வேண்டும். ரிக்குவெஸ்ட் என்பது பேசித் தீர்க்கிற கட்டம், வட்டி கிடையாது. ஆகவே முதலாவது ‘நியாயச் சீராக்க வேண்டுகை’, இரண்டாவது ‘உரிமைக்கோரல்’.

அக்கரைப்பற்றிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தம்பி, சொல் நல்லா இருக்கு. ஆனால் வேலியைச் சரியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் இதற்குள் தள்ளிவிடுவார்கள்.

2021 டிசம்பர் கடைசியில் டீசல் லீற்றர் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460. அந்த நேரம் மண் தோண்டும் பெக்கோவை நிறுத்திவிட்டு வரம்பில் குந்தியிருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அது வேலையை மாற்றியதால் வந்த செலவு இல்லை, சந்தையில் ஏறிய விலை. அதற்கு ஒப்பந்தத்தில் சூத்திரம் இருந்தால், நாங்கள் இன்னும் இக்டாட் என்று பழைய பெயரில் சொல்கிற, கட்டுமானத் துறைக்கான அரச அதிகார சபையான சிடா மாதாமாதம் வெளியிடும் சுட்டெண்களைப் போட்டுக் கணக்குப் பார்ப்பதுதான் வழி. அதை ‘விலைத் தளம்பல்’ என்று தனியாக வையுங்கள். ‘கால நீடிப்பு’ கச்சேரி வரை ஊறிப்போன சொல். அதையும் மாற்ற வேண்டாம். நியாயச் சீராக்கத்தில் காலப் பகுதியைக் குறிக்க அதுவே போதும்.

இன்னொன்று. பட்டியலில் சொல்லுக்குப் பக்கத்தில் கெடுவையும் எழுதுங்கள். பொறியியல் ஆலோசகர்களின் சர்வதேச அமைப்பான ஃபிடிக் 1999இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தமான செம்புத்தகத்தில், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும், விவரம் 42 நாளுக்குள். அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில் உள்ள மாற்றப் பிரிவில், எழுத்துக் கட்டளை கிடைத்து 30 நாளுக்குள் உரிமையைச் சொல்லியாக வேண்டும். மாரி வெள்ளம் வடியட்டும், பிறகு எழுதுவோம் என்று இருந்தால் நாள் ஓடிவிடும்.

மட்டக்களப்பிலிருந்து:

சரி காக்கா, விலைத் தளம்பலும் கால நீடிப்பும் தனிப் பதிவுகள். கெடுவுக்கு ஒரு நிரல் சேர்க்கிறேன், எந்த ஒப்பந்த வடிவம் என்பதோடு.

அடுத்தது ‘கன்ஸ்ட்ரக்டிவ் சேஞ்ச்’. எழுத்தில் கட்டளை இல்லை. அதிகாரம் உள்ளவர் வந்து நின்று “மதகை இரண்டடி தள்ளிக் கட்டுங்கள்” என்று வாயால் சொல்கிறார், கட்டியாகிவிட்டது. அமெரிக்க முறையில் இதையும் மாற்றமாகவே எடுத்துக்கொண்டு சீராக்கம் கேட்கலாம். சிலர் ‘ஆக்கபூர்வ மாற்றம்’ என்று எழுதுகிறார்கள், அது பொருளையே கெடுக்கிறது. ‘கட்டளையொத்த மாற்றம்’ என்று வைக்கலாமா? ‘வாய்க்கட்டளை’ போதாது, ஏனென்றால் வரைபடம் தவறாக இருந்து கூடுதல் வேலை வந்தாலும் இதே வகைதான். மறுப்பு இருந்தால் உதாரணத்தோடு எழுதுங்கள்.