அண்ணி தேர்தலில் நிற்கப் போகிறார். நாங்கள் எப்படித் துணை நிற்பது?

நாத்தனார்:

எல்லோருக்கும் வணக்கம். அனுபவப்பட்டவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் அண்ணியை நகரசபை வார்டு தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சியில் கேட்டிருக்கிறார்கள். பதினொரு வருடமாகக் கட்சி வேலை பார்க்கிறார். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்ப்பது, முதியவர்களுக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுப்பது, தேர்தல் நாளன்று காலையிலிருந்து இரவு வரை வாக்குச்சாவடியில் உட்கார்வது எல்லாம் அவர்தான். எந்தக் கதவைத் தட்டினாலும் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் நிற்கச் சொல்லிக் கேட்டதும் அண்ணி சொன்ன முதல் பதில், "எனக்கு என்ன தெரியும்? வேறு யாரையாவது பாருங்களேன்." அதே வாரம், கட்சிக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒருவர் பக்கத்து வார்டுக்குத் தானாகவே போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டார்.

இப்போது அண்ணி அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். அண்ணன், "நீ கவலைப்படாதே, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு" என்கிறான். அன்பாகத்தான் சொல்கிறான். அம்மாவுக்குப் பிள்ளைகளைப் பற்றிய கவலை. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. நேற்று துண்டறிக்கையின் மாதிரி வந்தது. தொடர்புக்கு என்று போட்டிருந்தது அண்ணனுடைய எண். அதைப் பார்த்ததும் எனக்கு மனதில் ஏதோ தைத்தது. யாரிடம் என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை.

நான் "தைரியமாக இருங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. உருப்படியாக என்ன செய்யலாம்?

பின்வரிசைக்காரன்:

உங்கள் அண்ணனுக்காக இதை எழுதுகிறேன் சகோதரி. அவரிடம் காட்டுங்கள்.

என் மனைவி ஐந்து வருடம் உறுப்பினராக இருந்தார். நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்: "நான் பார்த்துக்கொள்கிறேன்." ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூடவே போய்ப் பின்வரிசையில் உட்காருவேன். அதிகாரி அவரிடம் ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்வேன். கோப்பை நான் வாங்கிப் படித்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுவேன். இதெல்லாம் உதவி என்று உண்மையாகவே நம்பினேன். மூன்றாம் வருடம் எனக்குக் கால் முறிந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தேன். அவர் தனியாகப் போனார். முதல் வாரம் யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அவரிடம்தான் பேசியாக வேண்டும் என்று ஆனது. நான் ஒரு வருடமாக அலைந்தும் நகராத கழிவுநீர்க் கால்வாய்க் கோப்பு அந்த இரண்டு மாதத்தில் முடிந்தது.

குணமான பிறகு நான் அந்த வரிசைக்குத் திரும்பப் போகவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடத்தை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இரண்டு முறை உறுப்பினர்:

தங்கச்சி, மேலே அந்தத் தம்பி எழுதியிருப்பதை அண்ணனிடம் அவசியம் படிக்கக் கொடு. நான் இரண்டு தடவை உறுப்பினராக இருந்தவள். இப்போது புதிதாக நிற்கும் பெண்களுக்குக் கூடமாட வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

"எனக்கு என்ன தெரியும்" என்பதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதே. அமெரிக்காவில் ஜெனிஃபர் லாலெஸ், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே படிப்பு, ஒரே தொழில் உள்ள ஆண்களையும் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். வழக்கறிஞர், தொழில் நடத்துபவர், ஆசிரியர் இப்படி. தகுதி ஒன்றாகவே இருந்தும், தங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று சொன்ன பெண்கள் குறைவு. "நீங்கள் நில்லுங்கள்" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா என்றால், அதுவும் பெண்களிடம் குறைவு. இந்த இரண்டாவதுதான் நம் கையில் இருப்பது.

என்னை நான்கு தடவை கேட்டார்கள். மூன்று தடவை மறுத்தேன். நான்காவது தடவை வந்த ஒரு சக ஊழியர் ஒரு பள்ளி நோட்டைக் கொண்டுவந்தார். அதில் ஏழு வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த மனுக்கள், எந்தெந்தத் தெருவில் குழாய் சரியானது, எந்த நாள் எந்த அலுவலகத்தில் எத்தனை மணி நேரம் காத்திருந்தேன் என்று அவர் நினைவிலிருந்தும் மற்றவர்களிடம் கேட்டும் எழுதியிருந்தார். பதினாறு பக்கம். அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் சரி என்றேன். நீ இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது அதுதான். "தைரியமாக இருங்க" என்பதை விட்டுவிடு. உன் அண்ணி பதினொரு வருடத்தில் செய்ததைத் தேதி போட்டு எழுதி அவர் கையில் கொடு. கூட்டத்தில் என்ன பேசுவது என்று அவர் திகைக்கும்போதும் அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

அடுத்து அந்தத் தொலைபேசி எண். உன் மனதில் தைத்தது சரிதான். வேறு எதை விட்டாலும் இதை விடாதே. துண்டறிக்கையில் யார் எண் இருக்கிறதோ, வெற்றி பெற்ற மறுநாள் காலையில் ஜனங்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்து வருடமும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பந்தக்காரரும் அதிகாரியும் அவரோடுதான் பேசுவார்கள். அண்ணியிடம் விஷயம் வந்து சேரும்போது அது முடிந்த விஷயமாக இருக்கும். தனியாக ஒரு எண் வாங்கி, அதை அண்ணியே எடுத்துப் பேசட்டும். வேலை நெருக்கும்போது நீ எடு. எடுத்தாலும், "உறுப்பினரிடம் சொல்கிறேன், அவர் உங்களைக் கூப்பிடுவார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே.

உன் அண்ணனுக்கு வருத்தம் வரலாம். அவரிடம் நியூசிலாந்து கதையைச் சொல். பெண்களுக்கு அங்கே 1893-லேயே ஓட்டுரிமை வந்துவிட்டது. நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும் உரிமை 1919-ல். முதல் பெண் உள்ளே போய் உட்கார்ந்தது 1933-ல், எலிசபெத் மெக்கோம்ப்ஸ். ஓட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே நாற்பது வருடம். அவரும் முன்பே இரண்டு தடவை நின்று தோற்றவர். கணவர் இறந்து காலியான அதே தொகுதியில்தான் ஜெயித்தார். 1960-ல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கணவர் கொல்லப்பட்ட பிறகே அரசியலின் முன்வரிசைக்கு வந்தார். உன் அண்ணன் இருக்கிறார், அன்பாகவும் இருக்கிறார். அவர் ஓரமாக நின்று வழிவிட்டால் போதும். அது சின்ன வேலை இல்லை என்பதையும் அவரிடம் சொல்.

பிள்ளைகள் விஷயத்தில் "பார்த்துக்கலாம்" என்ற சொல்லை வீட்டில் தடை செய்யுங்கள். அந்தச் சொல் கடைசியில் அண்ணி தலையிலேயே வந்து விழும். ஒரு தாளில் ஏழு நாளையும் போட்டு, பள்ளியிலிருந்து கூட்டி வருவது யார், சாயங்காலம் பாடம் பார்ப்பது யார், சின்னவனைத் தூங்க வைப்பது யார் என்று பெயரோடு எழுதிச் சுவரில் ஒட்டு. அண்ணன் பெயர்தான் அதிகம் வர வேண்டும். அண்ணி வெளியே இருக்கும் நேரத்தில், "சின்னவன் சட்டை எங்கே" என்று ஒரு போன்கூடப் போகக் கூடாது. என் முதல் தேர்தலில் ஒரு மாலையில் எனக்கு வீட்டிலிருந்து ஒன்பது போன் வந்தது. ஒன்றுகூட அவசரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் வாக்காளர் வீட்டு வாசலில் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது.

இதைச் சொந்தப் பிரச்சினை என்று அம்மா நினைத்தால், அப்படி இல்லை என்று சொல். அமெரிக்காவில் 2018-ல் லியூபா கிரெச்சென் ஷெர்லி என்ற வேட்பாளர், பிரசார நிதியிலிருந்து குழந்தைப் பராமரிப்புக்குச் செலவு செய்யலாமா என்று தேர்தல் ஆணையத்திடம் கேட்டு அனுமதி வாங்கினார். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் விடுமுறைகள் பள்ளி விடுமுறைகளோடு ஒத்துப்போகும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளை வளர்ப்பவர்களும் அங்கே உட்கார வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

பணம்: சீக்கிரம் வர வேண்டும், கணக்கு நோட்டு அண்ணியிடம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1985-ல் பெண் வேட்பாளர்களுக்கு நிதி திரட்ட எமிலிஸ் லிஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கிய பெண்கள், ஆரம்பத்தில் வரும் பணம் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் மாதிரி என்ற ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் எமிலி என்ற அந்தப் பெயரையே வைத்தார்கள். முதலில் கொஞ்சம் கையில் இருந்தால்தான் "இவர் நிஜமாகவே நிற்கிறார்" என்று மற்றவர்களும் நம்பிக் கொடுப்பார்கள்.

வசவு வரும். தேர்தல் அறிவித்த அன்றே ஆரம்பித்துவிடும். உடம்பைப் பற்றி, நடத்தையைப் பற்றி எழுதுவார்கள். நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம் 2016-ல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் கேட்டபோது, ஐந்தில் நாலு பேருக்கு மேல் மனரீதியான வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். எனக்கு வந்ததையெல்லாம் நானே படித்தேன். தூக்கம் போனது. இரண்டாவது தடவை என் தோழி அந்த வேலையை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றையும் படம் பிடித்துத் தேதியோடு சேமித்து, மிரட்டல் என்றால் அன்றே புகார் கொடுத்தாள். எனக்குத் தெரிய வேண்டியதை மட்டும் சொன்னாள். அண்ணிக்கு அதை நீ செய். பொலிவியாவில் ஹுவானா கிஸ்பே என்ற உறுப்பினர் 2012-ல் கொல்லப்பட்ட பிறகுதான் அரசியலில் இருக்கும் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. அவரைப் பதவியிலிருந்து விலகச் சொல்லி அதற்கு முன்பே தொல்லை கொடுத்துவந்தார்கள். அதனால் "இதெல்லாம் சகஜம்" என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதே.

கேட்டுத் தெளிபவள்:

அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஜெயித்தவரை "ஒதுக்கீட்டில் வந்தவர்" என்று கடைசிவரை இரண்டாந்தரமாகத்தான் பார்த்தார்கள். அவர் நன்றாகவே வேலை செய்தார். அப்படிப்பட்ட வெற்றி ஒரு பெண்ணுக்கு நல்லதுதானா?

இரண்டு முறை உறுப்பினர்:

நீ பார்த்தது நிஜம்மா. முதலில் போகிறவருக்கு அந்த வலி உண்டு.

இந்தியாவில் 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தையும் தலைவர் பதவியையும் பெண்களுக்கு ஒதுக்கியது. மேற்கு வங்கத்தில் எந்த ஊராட்சிக்கு ஒதுக்கீடு என்பதை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை, தற்செயலாக அமைந்தது. அதனால் ஆய்வாளர்களால் ஊரையும் ஊரையும் ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர்கள் இருந்த இடங்களில், பெண்கள் அதிகம் கேட்ட குடிநீருக்குக் கூடுதலாகச் செலவானது. ஆனாலும் மக்கள் முதல் பெண் தலைவருக்குக் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். நீ சொல்வது இதைத்தான். இரண்டு தடவை ஒதுக்கீடு வந்த பிறகு, ஒதுக்கப்படாத இடத்திலும் பெண்கள் நின்றார்கள், ஜெயித்தார்கள். அந்த ஊர்களில் பெற்றோர், மகனுக்கும் மகளுக்கும் வைத்திருந்த ஆசையில் இருந்த இடைவெளி குறைந்திருந்தது.

ஒதுக்கீட்டிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அர்ஜென்டினாவில் 1991-ல் வேட்பாளர் பட்டியலில் 30 சதவீதம் பெண்கள் என்று சட்டம் போட்டபோது, ஜெயிக்கக்கூடிய இடத்தில் போட வேண்டும் என்றும் சேர்த்தே எழுதினார்கள். இல்லாவிட்டால் பட்டியலின் அடியில் தள்ளிவிடுவார்கள். தங்கச்சி, உன் அண்ணிக்குக் கொடுக்கும் வார்டில் கட்சி கடைசியாக எப்போது ஜெயித்தது என்று கேட்டாயா? தோற்கிற இடத்தைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, "பாருங்கள், பெண் நின்றால் ஜெயிப்பதில்லை" என்பார்கள். எனக்கு முதலில் அப்படி ஒரு இடத்தைத்தான் நீட்டினார்கள். நான் மறுத்த அந்த மூன்றில் ஒன்று அது.

ஜெயித்த பிறகு பற்றி ஒன்று விட்டுப்போனது. கூட்டத்தில் அவர் சொன்ன யோசனையைப் பத்து நிமிஷம் கழித்து வேறொருவர் தன்னுடையதாகச் சொல்வார். ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைப் பெண் ஊழியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருத்தி நல்ல யோசனை சொன்னால், இன்னொருத்தி சொன்னவர் பெயரோடு அதைத் திரும்பச் சொல்வாள். நாங்களும் மூன்று பேர், வேறு வேறு கட்சி, அதைச் செய்தோம். அண்ணியை மற்றப் பெண் உறுப்பினர்களோடு இப்போதே பழக விடு.

நாத்தனார்:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி.

நோட்டு எழுத ஆரம்பித்தேன். இருபத்திரண்டு பக்கம் வந்திருக்கிறது, இன்னும் முடியவில்லை. பாதிக்கு மேல் எனக்கே தெரியாதது. எதிர்வீட்டுப் பெரியம்மாதான் சொன்னார். அண்ணி நேற்று இரவு அதை வாங்கி உள்ளே எடுத்துக்கொண்டு போனார். காலையில் பார்த்தால், இரண்டு இடத்தில் தேதியைத் திருத்தி வைத்திருக்கிறார்.

வார்டு பற்றிக் கேட்டோம். கடந்த மூன்று தேர்தலிலும் கட்சி அங்கே தோற்றிருக்கிறது. தான் பதினொரு வருடம் வேலை செய்த சொந்த வார்டைக் கேட்கப் போவதாக அண்ணி சொல்கிறார். அவரே சொன்னார், நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கட்சி அலுவலகத்தில் பேச்சு. அண்ணன் வாசல் வரை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன், உள்ளே வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். பின்வரிசைக்கார அண்ணா எழுதியதை அவன் இரண்டு தடவை படித்தான்.

துண்டறிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறோம், புது எண் வந்ததும் போகும். சுவரில் தாளும் ஒட்டியாகிவிட்டது. செவ்வாய், வியாழன் என் பெயர், ஞாயிறு அம்மா பெயர், மற்ற நாலு நாளும் அண்ணன். அம்மா ஞாயிறைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.