கரை காலியாகத் தெரிந்த மாதம்

பாம்பன் தெற்குக்காரன்:
எங்கள் ஊருக்கு இரண்டு கடல். பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடைக்காற்று பிடித்துவிட்டால் வடகடலில் வள்ளத்தை விட்டுவைக்க முடியாது, தெற்கே கொண்டுவந்துவிடுவோம். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எடுத்தால் மறுபடி வடக்கே. ஆக, எப்போது வந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு கரை காலியாகத்தான் தெரியும்.

அப்படி ஓர் ஆனி மாதம், தென்கரையில் டேப்பும் கையுமாக மூன்று பேர். தங்கும் விடுதி கட்டப்போகிறார்களாம். "சும்மா கிடக்கிற இடம்தானே" என்றார் ஒருவர். சித்தப்பா ஒன்றும் பேசாமல் காலால் மணலைத் தள்ளினார். பாதி புதைந்த முளைக்கட்டை, அதில் இற்றுப்போன கயிறு. பக்கத்தில், வள்ளத்துக்குத் தார் அடித்தபோது சிந்திய கறுப்பு. "இதுல என்ன தம்பி, ஆடா கட்டிப் போட்டிருந்தோம்?"

அடுத்த வாரமே கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார்கள். அத்தை நெத்திலி காயப்போடுகிற இடமும் கம்பிக்குள் போய்விட்டது. பட்டா எங்கே என்றார்கள். கடற்கரைக்கு யார் பட்டா வாங்கினார்கள்? அலைந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். மீனவர்களின் பொது இடங்கள், படகுத்துறை, ஐஸ் பிளாண்ட், மீன் காயவைக்கும் இடம் எல்லாவற்றையும் நில எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்லியிருந்தது. எங்கள் பகுதி வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் வெறும் மணல்.

மார்கழியில் வள்ளங்கள் நெருக்கியடித்து நிற்கும்போது எடுத்த போட்டோவை மனுவோடு வைத்துக் கொடுத்தோம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அத்தைதான் பேசினார். நான் மைக்கைப் பிடித்ததும் உளறிவிட்டேன். தூண்களில் பாதியைப் பிடுங்கியிருக்கிறார்கள். மீதி நிற்கிறது.

மண்டபம் மருமகள்:
உங்களுக்குக் கம்பி, எங்களுக்கு காங்கிரீட். மீன் காயவைக்க அரசுப் பணத்தில் தளம் போட்டுத் தந்தார்கள். நல்ல காரியம்தான், ஆனால் காயவைக்கிற எங்களை யாரும் கேட்கவில்லை. ஏலம் நடப்பது ஒரு மூலை, தளம் இருப்பது இன்னொரு மூலை. கூடையைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது? இப்போது அதில் ஆடு படுத்திருக்கிறது. பணம் வராமல் இல்லை. 2017-இல் வந்த ஆழ்கடல் படகுத் திட்டத்தில் 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம். 2020-இல் மீன்வளத்துக்கான பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்துக்கு 20,050 கோடி. வள்ளக்காரர்களுக்குக் கரையில் ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய் என்று கேட்டால்தான் எந்தத் திட்டத்தில் போடுவது என்று முழிக்கிறார்கள்.

பாசிக்காரி மகள்:
என் அம்மா சின்ன வயதிலிருந்து கடல்பாசி எடுக்கிறாள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு தீவுப் பக்கம் போனால் வனத்துறை. மிச்சம் ஊர்க்கரைதான். பாசி காய நல்ல வெயிலும் அகலமான மணலும் வேண்டும். போன வருடம் சுற்றுலா வந்தவர்கள் காரைக் கொண்டுவந்து காயப்போட்டிருந்த மரிக்கொழுந்துப் பாசி மேலேயே நிறுத்திவிட்டார்கள். தெரியாமல் செய்ததுதான். அம்மா சத்தம் போடவில்லை. டயரில் ஒட்டியதைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் பிள்ளைகளிடம் காட்டி, "நீங்க திங்கிற ஐஸ்கிரீம்ல இதுவும் போகுது" என்றாள். அதுகள் மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தன. அந்த அப்பா வண்டியைப் பின்னால் எடுத்தார். அப்புறம் அம்மா நாலு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துச் சுற்றி வைத்துவிட்டாள். இதுவரை யாரும் ஏற்றவில்லை.