வன்முறை வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து முடிவுக்கு வரலாமா?

மெதுநடை:
இரண்டு நாளாக ஒரு 14 நொடி கிளிப் எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. ஒருவர் இன்னொருவரைத் தள்ளுகிறார். விழுந்தவர் எழவில்லை. ஐம்பது முறையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன். தள்ளியவரின் வலது கையில் ஏதோ மின்னுகிறது, கத்தி மாதிரி. தள்ளுவதற்கு முன் கொஞ்சம் நின்று யோசிப்பதும் தெரிகிறது. திட்டமிட்டுத்தான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வெளியிடலாமா?

வெட்டுமேசை:
வெளியிடாதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் என் கதை.

பதினோரு வருடமாக எனக்கு வீடியோ எடிட்டிங்தான் தொழில். சில வருடங்களுக்கு முன் இதே வேலையை நானும் செய்தேன். ஒரு சண்டை வீடியோவில், ஒருவர் கையில் இரும்புக் கம்பி இருக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பகிர்ந்தேன். மூன்றாம் நாள் வேறு கோணத்தில் எடுத்த வீடியோ வந்தது. கையில் இருந்தது மடக்கிய குடை. அடிபட்டவரைத் தூக்கத்தான் அவர் ஓடியிருக்கிறார். படத்தை நீக்கினேன், மன்னிப்பும் எழுதினேன். ஆனால் படம் போன இடத்துக்கெல்லாம் மன்னிப்பு போய்ச் சேரவில்லை. அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

இப்போது உங்கள் கிளிப். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் கோப்பின் அளவு சுருக்கப்பட்டிருக்கும், பலமுறைகூட இருக்கலாம். சுருக்கும்போது எல்லா ஃபிரேமும், அதாவது வீடியோவில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு நிலைப்படமும், முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முழுப் படம். நடுவில் இருப்பவை பெரும்பாலும் 'முந்தைய ஃபிரேமின் இந்தச் சின்னச் சதுரக் கட்டத்தை இவ்வளவு நகர்த்து' என்ற குறிப்புகள். வேகமாக அசையும் கையைச் சுற்றித்தான் அந்தக் கணக்கு அதிகம் சிதறும். மின்னுவது கத்தியாக இருக்கலாம், மோதிரமாக இருக்கலாம், சிதறிய கட்டமாகவும் இருக்கலாம். ஜூம் செய்தால் அந்தப் புள்ளிகள் பெரிதாகுமே தவிர புதிதாக ஒன்றும் தெரியாது. ஏஐ வைத்துத் தெளிவாக்கினால் இன்னும் மோசம், இல்லாத விளிம்பை அது வரைந்து கொடுத்துவிடும்.

அடுத்தது, அந்த 'யோசிப்பு'. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 33 மில்லிநொடி. நீங்கள் ஒவ்வொன்றிலும் பத்து நொடி நிற்கிறீர்கள். அவருக்குக் கிடைக்காத நேரத்தை நீங்கள் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் அவர் யோசித்தார் என்கிறீர்கள். 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். கொள்ளையின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டு வீடியோவை ஸ்லோ மோஷனில் பார்த்தவர்கள், சாதாரண வேகத்தில் பார்த்தவர்களைவிட, சுட்டவர் வேண்டுமென்றே சுட்டார் என்று அதிகம் நம்பினார்கள். உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று திரையிலேயே காட்டியும் அந்தச் சாய்வு முழுதாகப் போகவில்லை.

ஒரு வேலை செய்யுங்கள். அவர் 'நிற்கும்' இடத்தில் பின்னணியில் நடப்பவர்களைப் பாருங்கள்.

கரையோரம்:
2013 ஏப்ரலில் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் நடந்ததும் இதுதான். கூட்டப் படங்களில் பை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் வட்டம் போட்டார்கள். காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்றார்கள். அவருக்குச் சம்பந்தமே இல்லை, பிறகு அவர் உடல்தான் கிடைத்தது. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பம் வசையையும் வாங்கியது. ரெடிட் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

நிழல்கோடு:
அதற்காக வீடியோவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லிவிட வேண்டாம். கேமரூனில் பெண்களையும் குழந்தைகளையும் சிப்பாய்கள் சுட்டுக் கொன்ற வீடியோவை அந்த நாட்டு அரசு முதலில் பொய் என்றது. 2018-ல் பிபிசி அதை ஆராய்ந்து இடத்தையும் காலத்தையும் கண்டுபிடித்தது. மலைமுகட்டின் வடிவத்தைச் செயற்கைக்கோள் தரவுகளோடு பொருத்தினார்கள், கட்டடங்களை ஒப்பிட்டார்கள், நிழலை வைத்துக் காலத்தைக் கணக்கிட்டார்கள். அளக்க முடிந்ததை அளந்தார்கள். முகபாவத்தைப் பார்த்து மனசைப் படிப்பது அந்த வகை வேலை இல்லை.

மெதுநடை:
பார்த்தேன். அவர் 'நிற்கும்' அதே ஐந்து ஃபிரேமில் பின்னால் போகிற பெண்ணின் காலும் அந்தரத்தில் நிற்கிறது. சுவரோரம் பறக்கும் துணியும் அப்படியே நிற்கிறது. ஒரே ஃபிரேம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அவர் நிற்கவே இல்லை.

வட்டம் போட்ட படத்தை அழித்துவிட்டேன். ஒரு நண்பருக்கு மட்டும் அனுப்பியிருந்தேன், அவரிடமும் பேசி அழிக்கச் சொன்னேன். கிளிப்பை என்ன செய்வது?

வெட்டுமேசை:
நல்லது செய்தீர்கள். வந்த கோப்பை வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் ஒரு பிரதி வையுங்கள். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். எடுத்தவரைத் தெரிந்தால் அவர் போனில் இருக்கும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், விசாரிப்பவர்களுக்கு அதுதான் தேவை.

இன்னொன்று. ஐம்பது முறை பார்த்தேன் என்றீர்களே. ஒரு மனிதர் விழுவதை அத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள். இன்று ராத்திரி அதைத் திறக்காதீர்கள். தூக்கம் வரவில்லை என்றால் இங்கே எழுதுங்கள், நான் இருப்பேன்.