ஏர் பிஸ்டல் வாங்கும்போது எங்கே சிக்கல் வருது? பகிர்வுகள்

திருமங்கலத்திலிருந்து:
ஏர் பிஸ்டல், அதாவது காத்து அல்லது வாயு அழுத்தத்துல சுடுற கைத்துப்பாக்கி, லைசென்ஸ் இல்லாம வச்சுக்கணும்னா 2016 ஆயுத விதிகள்ல பாக்க வேண்டிய அளவு ரெண்டு. குழல் வாயில குண்டோட ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலை அளக்கிற அலகு) அளவைத் தாண்டக் கூடாது. குழல் துளையோட விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ.-யைத் தாண்டக் கூடாது. ரெண்டுல ஒண்ணு மீறினாலும் லைசென்ஸ் வேணும்.

கணக்கு எளிசு. வேகத்தை (நொடிக்கு மீட்டர்) அதே வேகத்தால பெருக்கி, பெல்லட் (இதுல போடுற சின்ன குண்டு) எடையால (கிராம்) பெருக்கி, 2000-ஆல வகுங்க. 0.53 கிராம் பெல்லட் 150 மீட்டர் வேகத்துல போனா கிட்டத்தட்ட 6 ஜூல். அதே பெல்லட் 20 ஜூல் அளவைத் தொட 275 மீட்டர் வேகம் வேணும். 10 மீட்டர் போட்டி பிஸ்டல் எதுவும் அந்தப் பக்கமே போகாது. அதனால பிஸ்டல் வாங்குறவங்களைச் சட்டச் சிக்கல்ல மாட்டிவிடுறது பவர் இல்ல, துளைதான். 5.5 மி.மீ. பிஸ்டலை "8 ஜூல்தான் சார், பேப்பரே வேணாம்"னு தள்ளிவிடுறாங்க. நம்பிறாதீங்க. பவர் தொல்லை ரைஃபிள்காரங்களுக்கு.

மேலூரிலிருந்து:
அண்ணன் சொன்ன கணக்குல பெட்டியில அச்சடிச்ச வேகத்தைப் போடாதீங்க. அது பெரும்பாலும் லேசான அலாய் பெல்லட் வச்சு எடுத்த நம்பர். நீங்க போடப்போற ஈய பெல்லட்டை வச்சே குரோனோகிராஃப்ல (குண்டு வேகத்தை அளக்கிற கருவி) பத்து ரவுண்டு அளந்து, அதிகபட்சத்தை எடுங்க, சராசரியை இல்ல. ஸ்பிரிங் வகையில எண்ணெய் கூடிப்போனா அது உள்ளே பத்திக்கிட்டு முதல் சில ரவுண்டு எகிறும், அதைக் கழிச்சுடுங்க.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வகைக்கு நம்ம ஊர் வெயில் தனிக் கணக்கு. 20 டிகிரியில 57 பார் (அழுத்த அலகு) இருக்கிற அழுத்தம் 30 டிகிரியில 72 பாருக்கு ஏறிடும். மார்கழிக் காலையில அளந்தது சித்திரை மத்தியானத்துக்கு ஒத்து வராது. 12 கிராம் சிலிண்டரை வண்டி டிக்கியில போட்டு வெயில்ல நிறுத்தவே கூடாது.

அலங்காநல்லூரிலிருந்து:
பில், அடையாள அட்டை நகல் ரெண்டும் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். பில்லுல மாடல், சீரியல் நம்பர், துளை அளவு மூணும் எழுதி வாங்குங்க; "விளையாட்டுச் சாமான்"னு போட்ட பில் செக்கிங்ல ஒண்ணுக்கும் உதவாது. மாட்டுத்தாவணியில பஸ் ஏறும்போது காலியாக்கி, பூட்டிய பெட்டியில வைங்க. இடுப்புல சொருகினா நிஜத் துப்பாக்கிக்கும் இதுக்கும் பாக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

லைசென்ஸ் தேவைப்படுறவங்களுக்கு: வயசு 21 முடிஞ்சிருக்கணும், படிவம் ஏ-1. மாநகர எல்லைக்குள்ள போலீஸ் கமிஷனர், வெளியே கலெக்டர் அலுவலகம்.

இன்னொண்ணு, நெல்லுல மயில் விழுதுன்னு இதைத் தூக்குறவங்க இருக்காங்க. மயில் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணாங்கிறது அங்க செல்லாது. சும்மா பயமுறுத்தச் சுட்டேன்னாலும் வனத்துறை விடாது.

திருமங்கலத்திலிருந்து:
இணையத்துல பாத்துட்டு "பிஸ்டலுக்கு 6 அடி-பவுண்டுதான்"னு தம்பிங்க வந்து நிக்கிறாங்க. அது இங்கிலாந்து எல்லை, சுமார் 8 ஜூல். ஜெர்மனியில 7.5 ஜூல், துப்பாக்கி மேல ஐங்கோணத்துக்குள்ள எஃப் எழுத்து குத்தியிருக்கும். அந்த முத்திரை இருந்தா ஆற்றல் குறைவுன்னு தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான். துளையைத் தனியாப் பாத்துக்கோங்க.