பெட்டிக்குள் துகள்: ஆய்வகத்தில் எந்தச் சாயம் பொருந்தும்?

கேள்வி:
குவாண்டம் அடைப்பைக் (சிறிய இடத்தில் அடைபட்ட எலக்ட்ரானின் ஆற்றல் படிப்படியாக மட்டுமே அமைவதை) கற்பிக்க, கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினின் 22 பை எலக்ட்ரான்களை (இரட்டைப் பிணைப்புச் சங்கிலி நெடுகப் பரவி நிற்பவை) 2.94 நானோமீட்டர் நீளக் கற்பனைப் பெட்டியில் இட்டு, அது உறிஞ்சும் ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிடச் செய்தேன். ஏறத்தாழ 1240 நானோமீட்டர் வருகிறது. நிறமாலைமானியோ 450 நானோமீட்டரை ஒட்டிய உறிஞ்சல் உச்சத்தைக் காட்டுகிறது. மாதிரியே தவறா?

பதில் 1:
மாதிரியைவிட மூலக்கூறுத் தேர்வையே மாற்றிப் பாருங்கள், ஐயா. கரோட்டினில் ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறி மாறி வருவதால் பெட்டியின் அடித்தளம் (உள்ளே எலக்ட்ரான் உணரும் நிலையாற்றல்) சமமாக இருப்பதில்லை. சங்கிலி எவ்வளவு நீண்டாலும் ஓர் ஆற்றல் இடைவெளி எஞ்சிவிடும். சயனின் சாயங்களில் நேர்மின்சுமை இரு நைட்ரஜன் முனைகளுக்கிடையே பகிரப்படுவதால் பிணைப்பு நீளங்கள் ஏறக்குறைய ஒன்றாகின்றன. அங்கே சங்கிலியில் கூடும் ஒவ்வொரு வினைல் அலகுக்கும் (ஓர் இரட்டைப் பிணைப்புள்ள இரு கார்பன் துண்டு) உச்சம் சுமார் 100 நானோமீட்டர் நகர்வதை மாணவர்கள் நேரில் காணலாம்.

பதில் 2:
சயனின் கரைசலை மெத்தனாலில் நன்கு நீர்த்துத் தயாரியுங்கள். செறிவு கூடினால் சாய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிறமாலையையே மாற்றிவிடும். முதன்மை உச்சத்தின் குறைந்த அலைநீளப் பக்கம் தெரியும் தோள் (சிறு புடைப்பு) மூலக்கூறின் அதிர்வு நிலைகளால் வருவது. அதை இரண்டாவது எலக்ட்ரான் தாவலாக எழுதிவிடும் மாணவர் ஏராளம்.

பதில் 3:
கரோட்டினைக் கைவிட வேண்டாம் என்பேன். சயனினுக்குப் பின் அதை அளக்கச் செய்து, மாதிரி எங்கே முறிகிறது என்று அவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.