கோக்-சாகிஸ் பாத்தியில் களை ஏறிவிட்டது. வேர் தேறுமா?

ஓஹையோ_நாற்று:
இங்கே முதுகலை ஆய்வுக்காக கோக்-சாகிஸ் போட்டிருக்கிறேன். 1930களில் கசகஸ்தான் மலைப்பக்கம் சோவியத் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்த, வேரில் ரப்பர் பால் வைக்கும் டேன்டேலியன் (மஞ்சள் பூ பூக்கும் சிறு செடி) வகை. மே மாதம் நேரடி விதைப்பு. ஜூனில் பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால் நாலாவது பாத்தியில் பயிரையே காணோம்! முழங்காலுக்கு மேல் சக்கரவர்த்திக் கீரை, அடியில் பருப்புக்கீரை. (பிடுங்கியதை மசித்துச் சாப்பிட்டேன், அது வேறு கதை.) இப்போது தோண்டினால், களையெடுத்த பாத்தியில் வேர் சுண்டுவிரல் கனம், இதில் நூல் மாதிரி. ரப்பர் சதவீதமும் குறைந்திருக்குமா? அடுத்த வருஷம் மருந்து அடிக்கலாமா?

களைக்கொத்து:
தம்பி, சதவீதத்தை அப்புறம் பார்க்கலாம். காய்ந்த வேரின் எடையை அதால் பெருக்கினால்தானே மகசூல்? வேரே நூலாக இருந்தால் எதைப் பெருக்குவது? இந்தச் செடி தரையோடு படுத்து வளரும். மேலே ஒன்று நிழல் கட்டினால் எட்டிப் போகத் தெரியாது. விதையும் பொடி, முளைத்து நிமிரவே வாரக்கணக்காகும். அயல் மகரந்தத்தில் விதை கட்டுவதால் செடிக்குச் செடி ரப்பர் மாறும். நாலு வேரை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

மருந்தா? புல்லுக்கு மட்டும் கிளெத்தோடிம் உண்டு. கீரைக் களையைக் கொல்வது உங்கள் பயிரையும் சேர்த்துக் கொல்லும், அதுவும் அகன்ற இலைதானே. பாத்தி போட்டுத் தண்ணீர் விட்டு, களையை முளைக்கவிட்டு, மேலாகச் சுரண்டிவிட்டு அப்புறம் விதையுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்கும் விதை மேலே வரும். தட்டில் நாற்று வளர்த்து நடுவது இன்னும் நல்லது.

அரிசோனா_வெயில்:
நாங்கள் ரப்பருக்காகப் போடும் குவாயூல் புதருக்கும் முதல் வருஷம் இதே பாடுதான். புதர் அடர்ந்துவிட்டால் கவலையில்லை. வேடிக்கை என்னவென்றால், அது நம்ம ஊர் பார்த்தீனியத்தின் பங்காளி!

களைக்கொத்து:
இன்னொன்று தம்பி. சாதாரண டேன்டேலியனும் ஊடே முளைத்திருக்கும். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். மொட்டின் அடிச் செதில் நுனியில் குட்டிக் கொம்பு இருந்தால் உங்களுடையது. காய்ந்த வேரை ஒடித்து மெல்ல இழுத்தும் பார்க்கலாம், ரப்பர் இழை நீளும்.

ஓஹையோ_நாற்று:
அண்ணே, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். களையெடுத்த பாத்தியிலேயே கொம்பில்லாதது ஏழு செடி. சுண்டுவிரல் கனம் என்று சொன்னேனே, அந்த வேர் அதில் ஒன்றிலிருந்து எடுத்தது.